ஒரே பெயரில் இரண்டு சரக்கு

பாலகாட்டில் அக்கா வீட்டுப் பரணில் ஒரு லேப்டாப் இருக்கிறது. பழைய வேட்டியில் சுற்றி, மேலே குக்கர் பெட்டியை வைத்திருக்கிறார்கள். போன மாதம் போயிருந்தபோது ஏதோ பாத்திரம் எடுத்துத் தரச் சொன்னாள் என்று ஏறினேன். கையில் அது தட்டுப்பட்டது. "இதை இன்னுமா வைத்திருக்கிறாய்? பழைய இரும்புக்காரனிடம் போட்டிருக்கலாமே" என்றேன். அக்கா காதில் வாங்கிக்கொள்ளவில்லை. "அது தாத்தா காசு, மாமா" என்றான் அவள் மகன்.

கோலார் தங்கவயலின் வடக்கு ஓரம் பாலகாட். தெற்கிலிருந்து மைசூர், சாம்பியன் ரீஃப், உரிகம், நந்திதுர்க் என்று சுரங்கங்களை எண்ணிக்கொண்டு வந்தால் கடைசியில் இந்தப் பெயர் வரும். கே.ஜி.எஃப். என்றால் இப்போது சினிமாதான் நினைவுக்கு வருகிறது, சென்னையில் என் பக்கத்து வீட்டுப் பையன், "அங்கே நிஜமாகவே ஆட்கள் இருக்கிறார்களா?" என்று கேட்டான். இருக்கிறார்கள். விடியுமுன் மாரிக்குப்பத்தில் கிளம்பும் பெங்களூர் ரயிலில் நின்றுகொண்டு போகிறவர்கள் அவர்கள்தான். வீட்டில் தமிழ், ஆபீஸில் கன்னடம், கம்ப்யூட்டரில் ஆங்கிலம்.

அக்காவின் மாமனார் சாம்பியன் ரீஃபில் வேலை பார்த்தவர். பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் 2001 பிப்ரவரி 28-ல் மூடப்பட்டபோது கையில் வந்த தொகையைப் பிரித்து வங்கியில் போட்டார். அதைத் தொடுவதில்லை என்று ஒரு வைராக்கியம். பத்து வருடம் கழித்து, 2011-ல், பேரன் பெங்களூரில் அனிமேஷன் படிக்கப் போகிறேன், லேப்டாப் இல்லாமல் முடியாது என்று நின்றபோது அதிலிருந்து 16,000 ரூபாய் எடுத்துக் கொடுத்தார். புதிது வாங்க அது போதாது. செகண்ட் ஹேண்டில் வாங்கினான்.

எந்தக் கம்பெனியின் லேப்டாப், உள்ளே எந்த கிராபிக்ஸ் கார்டு, எந்தக் கடை என்பதை எழுதப் போவதில்லை. ஒரு பெட்டி கெட்டுப் போனதை வைத்து ஒரு கம்பெனியைக் கூண்டில் ஏற்றுவது முறையல்ல; அது ஏன் செத்தது என்று பிரித்து ஆராய்ந்தவர் யாருமில்லை. ஆனால் அன்று அவனுக்கு நேர்ந்த இரண்டு விஷயங்களும் உலகம் முழுக்க நேர்ந்தவை. அவற்றைச் சொல்லலாம்.

முதல் விஷயம் நினைவகம். மூடியின் ஓரத்தில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரில் கார்டின் பெயரும் '512 எம்.பி.' என்ற எண்ணும் இருந்தன. வகுப்பில் கூடப் படித்த ஒருவனிடமும் அதே பெயர் கொண்ட கார்டு. அவனுடையது வெறும் 256 எம்.பி. தனக்கு இரு மடங்கு என்று இவனுக்குப் பெருமை. ஒரே காட்சியை இருவரும் ஓட்டிப் பார்த்தார்கள். 256 வழுக்கிக்கொண்டு போனது. 512 திக்கித் திக்கி நகர்ந்தது.

கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். அவர் பொய்யே சொல்லவில்லை. பெயரும் சரி, 512-ம் சரி. ஸ்டிக்கரில் இல்லாதது ஒன்றே ஒன்று: அந்த நினைவகம் எந்த ரகம்.

ஊரறிந்த ஓர் உதாரணம் சொன்னால் விளங்கும். 2007-ல் என்விடியா நிறுவனம் லேப்டாப்புகளுக்கென்று ஜிஃபோர்ஸ் 8600எம் ஜி.டி. என்ற கிராபிக்ஸ் சிப்பைக் கொண்டுவந்தது. அதே பெயரில் இரண்டு சரக்கு சந்தையில் இருந்தது. ஒன்றில் டி.டி.ஆர்.2 நினைவகம், சாதாரணக் கம்ப்யூட்டர்களில் இருந்த அதே ரகம். இன்னொன்றில் கிராபிக்ஸுக்கென்றே செய்யப்பட்ட ஜி.டி.டி.ஆர்.3. ஆப்பிளின் மேக்புக் ப்ரோவில் இருந்தது இரண்டாவது. சிப்பும் நினைவகமும் பேசிக்கொள்ளும் பாதையின் அகலம் இரண்டிலும் 128 பிட்தான். ஆனால் அந்தப் பாதையில் நொடிக்கு எவ்வளவு போக முடியும்? டி.டி.ஆர்.2-ல் 12.8 ஜிகாபைட். ஜி.டி.டி.ஆர்.3-ல் 22.4 ஜிகாபைட். விளையாட்டோ அனிமேஷனோ, சிப் கணக்குப் போட்டு முடித்துவிட்டு அடுத்த சரக்கு எப்போது வரும் என்று காத்துக்கொண்டிருந்தால் திரையில் படம் திக்கத்தான் செய்யும்.

தண்ணீர்க் கஷ்டம் தெரிந்த ஊர்க்காரர்களுக்கு இதை விளக்குவது சுலபம். மொட்டை மாடியில் தொட்டி எவ்வளவு பெரிது என்பது ஒரு கணக்கு. கீழே வரும் குழாய் அரை அங்குலமா ஒரு அங்குலமா என்பது வேறு கணக்கு. டி.டி.ஆர்.2 விலை குறைவு என்பதால் அதை 512 எம்.பி. வைத்துப் பெரிய எண்ணைக் காட்ட முடிந்தது. வேகமான ரகம் பல லேப்டாப்புகளில் 256-ஓடு நின்றது. வாங்குகிறவர் கண்ணில் படுவது தொட்டி மட்டும்தான். லேப்டாப்பில் இந்த நினைவகச் சில்லுகள் பெரும்பாலும் போர்டிலேயே சால்டர் வைத்துப் பதிக்கப்பட்டவை. பிறகு ஞானம் பிறந்தாலும் மாற்ற வழியில்லை.

நியாயமாக ஒன்றைச் சொல்ல வேண்டும். மெதுவான நினைவகம் போடுவது குற்றமல்ல. விலை குறையும், மின்சாரமும் சூடும்கூடக் கொஞ்சம் குறையும். இரண்டு ரகம் இருக்கட்டும். இரண்டுக்கும் ஒரே பெயர் எதற்கு? பழைய கதை என்று தள்ளவும் முடியாது. 2017-ல் ஜி.டி.டி.ஆர்.5 நினைவகத்தோடு வந்த ஜி.டி. 1030 கார்டுக்கு நொடிக்கு 48 ஜிகாபைட். அடுத்த வருடமே அதே ஜி.டி. 1030 என்ற பெயரில் டி.டி.ஆர்.4 போட்ட கார்டு வந்தது. நொடிக்கு 16.8.

அன்று பெரியவரிடம் இதையெல்லாம் நான் விளக்கியபோது அவர் திண்ணையில் உட்கார்ந்து பீடி பற்றவைத்துக்கொண்டிருந்தார். "பதினெட்டு காரட்டும் தங்கம்தான், இருபத்திரண்டு காரட்டும் தங்கம்தான். ஆசாரி உரைச்சுப் பார்த்துட்டுத்தானே வெலை சொல்றான்?" என்றார். பிறகு பேரனைப் பார்த்து, "நீ உரைச்சுப் பார்த்தியாடா?" என்றார். அவனிடம் உரைகல் இல்லை. என்னிடமும் இல்லை.

இரண்டாவது விஷயம் சூடு. வாங்கி ஏழு மாதம் ஆகியிருக்கும். முதலில் திரையில் பச்சைக் கோடுகள். பிறகு புள்ளிகள். ஒருநாள் விசிறி மட்டும் சுற்றியது, திரை கறுப்பாகவே இருந்தது.

தங்கவயலைச் சுற்றிலும் சயனைடு மேடுகள் நிற்பதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். நூறு வருடத்துக்கு மேல் கல்லை மாவாக அரைத்துத் தங்கத்தை எடுத்துவிட்டுக் கொட்டிய கழிவு, மூன்று கோடி டன்னுக்கு மேல். காற்றுக் காலத்தில் அந்த மாவு வீட்டுக்குள் வரும். சோற்றில் வரும், தலையணையில் வரும். லேப்டாப் விசிறியிலும் வரும். மெக்கானிக் கழற்றிக் காட்டியபோது, சூட்டை வெளியே கொண்டுபோகும் செம்புக் குழாயின் முனையில் உள்ள மெல்லிய தகடுகளுக்கு நடுவே சாம்பல் நிறத்தில் ஒரு கம்பளமே இருந்தது. போதாக்குறைக்கு இவன் அதை மெத்தைமேல் வைத்து வேலை செய்வான். அடிப்பக்கத்துத் துவாரம் முழுக்க அடைபட்டுவிடும்.

சூட்டைப் பற்றிப் பெரியவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. சாம்பியன் ரீஃப் சுமார் 3,200 மீட்டர் ஆழம் போனது. அந்த ஆழத்தில் பாறையின் சூடே 60 டிகிரி செல்சியஸைத் தாண்டும். மேலே இயந்திரத்தில் குளிரவைத்த காற்றைக் கீழே அனுப்பித்தான் ஆட்களை வேலை செய்யவைத்தார்கள். "கீழே காத்து நின்னா உடம்பு சொல்லிடும், நாங்க கேஜ் பக்கம் வந்துடுவோம். இந்தப் பெட்டிக்குள்ள காத்து நின்னா யாரு வந்து சொல்றது?" என்றார். கேள்வி சரியானது. அதற்குள்ளேயே சூடு அளக்கும் உணர்வி இருக்கிறது, எண் வருகிறது, பார்க்க இலவச மென்பொருள் இருக்கிறது. பார்க்கலாம் என்று எங்களுக்குத் தெரியவில்லை.

இங்கே ஒரு பழைய பாவத்தை ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது.

2008 ஜூலையில் நான் ஒரு பத்திரிகையில் செய்தி மொழிபெயர்ப்பு வேலையில் இருந்தேன். இரவு பத்து மணிக்கு மேல் ஒரு வெளிநாட்டு வணிகச் செய்தி வந்தது. ஆறு வரிக்கு இடம் இருந்தது. லேப்டாப்புகளில் உள்ள தன் பழைய தலைமுறைச் சில்லுகள் சில வழக்கத்தைவிட அதிகமாகக் கெட்டுப்போகின்றன, பழுது, மாற்றுச் செலவுகளுக்காக 15 கோடி முதல் 20 கோடி டாலர் வரை ஒதுக்குகிறோம் என்று ஜூலை 2-ல் என்விடியா அறிவித்திருந்தது. மறுநாள் அதன் பங்கு விலை சுமார் 30 சதவீதம் விழுந்தது. காரணமாக அது சொன்னவை மூன்று: சில்லும் அதன் 'பேக்கேஜும்' சேர்ந்த பொருள் பலவீனம், லேப்டாப்பில் சூட்டை வெளியேற்றும் அமைப்பு, உபயோகிக்கும் விதம்.

நான் தமிழில் எம்.ஏ. படித்தவன். 'பேக்கேஜ்' என்றால் எனக்குத் தெரிந்தது அட்டைப் பெட்டி. 'பெட்டியில் அடைத்து அனுப்புவதில் ஏற்பட்ட குறைபாடு' என்று எழுதிவிட்டு வீட்டுக்குப் போய்த் தூங்கினேன். மறுநாள் யாரும் கேட்கவில்லை. அட்டைப் பெட்டிக்கு 20 கோடி டாலரா என்று எனக்கே தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை.

உண்மையில் அந்த பேக்கேஜ் என்பது வேறு. சில்லு என்பது நகம் அளவு சிலிக்கன் துண்டு. அதை நேராக போர்டில் வைக்க முடியாது. நுண்ணிய சால்டர் பொட்டுகளால் ஒரு சிறு பலகைமேல் பதித்து, பொட்டுகளுக்கு நடுவே ஒரு பசையை நிரப்பி, அந்தப் பலகையை போர்டில் வைப்பார்கள். சால்டர் என்றால் வேறொன்றுமில்லை, நம் பொற்கொல்லர்கள் பற்றாசு என்பார்களே, அந்தக் குடும்பம்தான். ஒரு டிகிரி சூடு ஏறினால் சிலிக்கன் பத்து லட்சத்தில் சுமார் மூன்று பங்கு விரியும். அடியிலுள்ள பலகையோ பதினைந்து பங்கு வரை விரியும். லேப்டாப்பைப் போடும்போது விரிவு, அணைக்கும்போது சுருக்கம். இரண்டு பேரும் வேறு வேறு அளவு இழுக்க, நடுவில் மாட்டிக்கொள்வது பொட்டு. அதைப் பிடித்துத் தாங்க வேண்டியது பசை. சிப் வழக்கமாக வேலை செய்யும் சூட்டிலேயே அந்தப் பசை இளகிப் போனால் பாரம் முழுவதும் பொட்டின் தலையில். தினம் தினம் வளைத்து நிமிர்த்தும் கம்பி ஒருநாள் முறிவதுபோல ஏதோ ஒரு பொட்டில் விரிசல். துறைசார்ந்தவர்கள் சொன்ன விளக்கம் இது.

ஆக, ஓயாமல் சூடாகவே இருப்பதைவிட மாறி மாறிச் சூடாகி ஆறுவதே அதிக சேதம் செய்தது. விசிறி தாமதமாகச் சுற்ற ஆரம்பிக்கும் லேப்டாப்பில் இந்த ஏற்ற இறக்கம் பெரிது. அதனால்தான் அந்த 2008-லேயே டெல்லும் ஹெச்.பி.யும் விசிறியை முன்னதாகவே, அதிகமாகச் சுழலவைக்கும் பயாஸ் திருத்தங்களை வெளியிட்டன. பாதிக்கப்பட்ட மாடல்களுக்கு உத்தரவாதக் காலத்தையும் நீட்டின. சில மேக்புக் ப்ரோக்களிலும் இந்தக் கோளாறு இருக்கலாம் என்று அக்டோபரில் ஆப்பிள் ஒப்புக்கொண்டது. விசிறித் திருத்தம் வைத்தியமல்ல. விரிசலைத் தள்ளிப்போடும் ஏற்பாடு.

அமெரிக்காவில் வழக்கு நடந்தது. தவறை ஒப்புக்கொள்ளாமலேயே என்விடியா சமரசத்துக்கு வந்தது. 2010 டிசம்பரில் கலிபோர்னியாவின் சான் ஹோசே நீதிமன்றம் அதற்கு ஒப்புதல் அளித்தது. டெல், ஆப்பிள்காரர்களுக்குச் சிப் மாற்றித் தருவது, ஹெச்.பி. வைத்திருந்தவர்களுக்கு மாற்று லேப்டாப். வந்தது காம்பாக் சி.க்யூ.56 என்ற மலிவு ரகம் என்று அங்கேயும் ஒரே சண்டை. அதுவும் அமெரிக்காவில் வாங்கிய அமெரிக்கவாசிகளுக்கு மட்டும்தான். மனுப் போடும் காலம் 2011 மார்ச்சோடு முடிந்தது. அக்கா மகன் லேப்டாப் வாங்கியது அந்த வருடம் ஜூனில்.

அவனுடையது அந்த வரிசைப் பெட்டிதான் என்று நான் சொல்லவில்லை. 2011-ல் செகண்ட் ஹேண்ட் சந்தையில் நின்ற ஒருவனுக்கு, எந்த மாடல்களைத் தொடக்கூடாது என்ற பட்டியல் மூன்று வருடமாக இங்கிலீஷில் ஊர் சுற்றிக்கொண்டிருந்தது தெரியாது என்றுதான் சொல்கிறேன். நீட்டிய உத்தரவாதமும் முதலில் வாங்கியவரோடு முடிந்த கதை. அவர் அதை ஏன் விற்றார் என்று யாரும் கேட்பதில்லை. மூன்றாவது கைக்கு வந்து சேரும்போது பெட்டியில் மீதம் இருப்பது விரிசலுக்குக் காத்திருக்கும் சில பொட்டுகளும் பளபளவென்று துடைத்த மூடியும்தான்.

மெக்கானிக் என்ன செய்தார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். போர்டைக் கழற்றி, சூடான காற்று ஊதும் துப்பாக்கியைச் சிப்பின்மேல் சில நிமிடம் காட்டினார். வெளிநாடுகளில் இதையே வீட்டு அவனில் வைத்து ரொட்டி சுடுவதுபோலச் சுட்டிருக்கிறார்கள். ஆச்சரியம், படம் வந்தது. 1,200 ரூபாய். பெரியவர் இனிப்பு வாங்கி வரச் சொன்னார். பத்தொன்பது நாள் ஓடி மறுபடி கறுப்பு. சூடு காட்டினால் விரிசல் விழுந்த இடம் தற்காலிகமாக ஒட்டிக்கொள்ளும், அவ்வளவுதான். 'ரீபால்' செய்யலாம், 3,500 ஆகும் என்றார் இன்னொருவர். அதுவும் பலகைக்கு அடியில் உள்ள பெரிய உருண்டைகளைத்தான் மாற்றும். கோளாறு மேலே, சில்லுக்கும் பலகைக்கும் நடுவே உள்ள பொட்டில் என்றால் அதற்கு யாரும் கைவைக்க முடியாது. நல்லவேளை, அதற்குப் பணம் இல்லை.

அனிமேஷன் படிப்பு அந்த வருடத்தோடு நின்றது. லேப்டாப் மட்டுமே காரணம் என்றால் அது கதை கட்டுவதாகும். ரயிலும் ஃபீஸும் சேர்ந்து நிறுத்தின. இப்போது ஒரு கிடங்கில் கணக்குப் பார்க்கிறான். பெரியவர் 2014-ல் போய்விட்டார்.

போன மாதம் நான் போனதே வேறு விஷயத்துக்காக. அவன் மறுபடி ஒரு லேப்டாப் வாங்கப் போகிறான், மறுபடி செகண்ட் ஹேண்ட், இந்தமுறை சொந்தக் காசு. ஞாயிற்றுக்கிழமை அவனோடு பெங்களூருக்குப் போனேன். சதர் பத்ரப்பா சாலைப் பக்கம் நுழைந்தால் கம்ப்யூட்டர் கடைகளுக்கு நடுவே மனிதன் நடக்க இடமில்லை. கடைக்காரர் ஆர்.டி.எக்ஸ். 3060 என்று ஒன்றை எடுத்து நீட்டினார். பையன் கேட்ட முதல் கேள்வி, "எத்தனை வாட்?" எனக்குப் பெருமையாக இருந்தது. லேப்டாப்பில் வரும் அந்த 3060, கம்பெனி அனுமதிக்கும் மின்சாரத்தைப் பொறுத்து 60 வாட்டிலும் ஓடும், 115 வாட்டிலும் ஓடும். பெயர் ஒன்றுதான். வேகமும் வேறு, கக்கும் சூடும் வேறு. நினைவகத்தில் ஆடிய ஆட்டத்தை இப்போது வாட்டில் ஆடுகிறார்கள்.

கடைக்காரருக்குத் தெரியவில்லை. பையன் பாக்கெட்டிலிருந்து ஒரு பென் டிரைவை எடுத்தான். அதில் ஜி.பி.யு.-இசட் என்ற சின்ன மென்பொருள், இலவசம்தான். ஓட்டினால் கார்டின் பெயரோடு நினைவகம் எந்த ரகம், நொடிக்கு எத்தனை ஜிகாபைட், இப்போது எத்தனை டிகிரி, எல்லாம் வரிசையாக வந்துவிடும். பெரியவர் கேட்ட உரைகல். பிறகு ஏதோ கனமான காட்சியை ஓடவிட்டு அரை மணி நேரம் சூட்டைப் பார்க்க வேண்டும் என்றான். எண் ஏறி ஓரிடத்தில் நிற்க வேண்டும். ஏறிக்கொண்டே போனாலோ, வேகம் திடீரென்று பாதியானாலோ உள்ளே தூசி, அல்லது பேஸ்ட் காய்ந்துவிட்டது, அல்லது இன்னும் மோசம். கடைக்காரர் என்னைப் பார்த்தார். "சார், இது என்ன தங்கமா?" என்றார்.

தங்கமாக இருந்தால் கவலையே இல்லை. 2021 ஜூன் 16 முதல், ஆரம்பத்தில் 256 மாவட்டங்களில், ஹால்மார்க் இல்லாமல் நகை விற்கக்கூடாது என்று அரசாங்கம் சட்டம் வைத்திருக்கிறது. அரைப் பவுன் மோதிரத்துக்கு இருக்கும் பாதுகாப்பு அறுபதாயிரம் ரூபாய் லேப்டாப்பின் பெயருக்கு இல்லை.

முதல் கடையில் அரை மணி நேரம் தர மறுத்துவிட்டார்கள். இரண்டாவது கடையில் ஸ்டூல் போட்டு உட்காரவைத்தார்கள். 84 டிகிரியில் எண் நின்றது. அவன் வாங்கவில்லை, திருப்பி வைத்து அடிப்பக்கத்து ஸ்க்ரூக்களைப் பார்த்தான், இரண்டு தேய்ந்திருந்தன. யாரோ ஏற்கெனவே கழற்றியிருக்கிறார்கள். அடுத்த வாரம் மறுபடி வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டான்.

திரும்பும் ரயிலில் பங்காருபேட்டை தாண்டியதும் பதினேழு வருடமாகச் சொல்லாத அந்த ஆறு வரிச் செய்தியின் கதையை அவனிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அட்டைப் பெட்டியா, மாமா?" என்றான்.

"ஆமாம்."

கோரமண்டல் ஸ்டேஷனில் இறங்கும்வரை சிரித்துக்கொண்டே இருந்தான். வீட்டுக்கு வந்ததும் பரணில் ஏறி, வேட்டியைப் பிரித்து, லேப்டாப்பின் மூடியில் படிந்திருந்த சயனைடு மாவைத் துடைத்துவிட்டு மறுபடி அதே இடத்தில் வைத்தான். மேலே குக்கர் பெட்டியையும்.